கேட்கத் தயங்காதீர்கள், சிஸ்டர்!

புதிய செவிலியரின் பயத்துக்கும் நோயாளியின் உயிருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தப் பயத்தைப் போக்கும் பொறுப்பு யாருடையது?

வேலைக்குச் சேர்ந்த முதல் சில மாதங்களில் ஒரு நர்ஸ் கேட்க நினைத்து, கேட்காமலே விழுங்கிவிடும் கேள்விகள் ஏராளம். போனில் டாக்டர் சொன்னது ‘ஃபிஃப்டீன்’ என்றா, ‘ஃபிஃப்டி’ என்றா? இந்த ஊசியை நேரடியாக நரம்பில் போடலாமா, சலைனில் கலந்துதான் ஏற்ற வேண்டுமா? கேஸ் ஷீட்டில் கிறுக்கியிருக்கும் மருந்தின் கடைசி எழுத்து என்ன? ஆறாம் நம்பர் பெட் பாட்டிக்கு நேற்றைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறதே, டூட்டி டாக்டரை இந்த நேரத்தில் எழுப்பலாமா?

கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். “இதுகூடத் தெரியாதா? நாலு வருஷம் காலேஜ்ல என்னதான் படிச்சே?” அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து அவர் தானாகவே ஊகித்துக்கொள்கிறார். பெரும்பாலான நாட்களில் ஊகம் சரியாக இருந்துவிடுகிறது. தவறிப்போகும் நாளில் அதன் விலையைக் கொடுப்பவர் கட்டிலில் படுத்திருப்பவர்.

உலகெங்கும் சிகிச்சைக்குப் போகிறவர்களில் 10 பேருக்கு ஒருவர் அந்தச் சிகிச்சையின்போதே ஏதோ ஒரு தீங்குக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பற்ற சிகிச்சையால் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். இந்தத் தீங்குகளில் பாதிக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை. 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17ஆம் தேதி உலக நோயாளி பாதுகாப்பு தினமாக அனுசரிக்கப்படுவது இதனால்தான். இந்தியாவும் 2018 முதல் 2025 வரைக்கான தேசிய நோயாளி பாதுகாப்புச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. ஆனால், எந்தத் திட்டமும் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: நடு இரவில், வார்டில், கையில் சிரிஞ்சோடு நிற்கும் ஒரு செவிலியர். அவர் நேற்று வேலைக்குச் சேர்ந்தவராகவும் இருக்கலாம்.

முதல் மாதங்களில் கற்றுக்கொள்வது

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. ஜி.என்.எம். டிப்ளமோ 3 ஆண்டு. இத்தனை ஆண்டு படித்து, மருத்துவமனைகளில் பயிற்சியும் எடுத்துவிட்டு வருகிறவருக்கு வார்டு ஏன் மிரட்சியாக இருக்கிறது?

1974ல் அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் மார்லின் கிரேமர் இந்த மிரட்சியை ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதினார். படிப்பில் கற்ற நெறிகளும் வேலையிடத்தின் நடைமுறையும் மோதும்போது புதியவர்கள் நிலைகுலைந்து போகிறார்கள், பலர் தொழிலையே விட்டுவிடுகிறார்கள் என்று காட்டினார். 1984ல் பேட்ரிசியா பென்னர், தொடக்கநிலைச் செவிலியர் எந்தெந்தப் படிகளைக் கடந்து தேர்ந்தவராகிறார் என்பதை விளக்கினார். புதியவர் விதிகளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். எந்த விதி இந்த நிமிடம் முக்கியம் என்று சொல்லும் கண் அனுபவத்தில்தான் வரும். பட்டம் வாங்கியதாலேயே அந்தக் கண் வந்துவிடாது.

கல்லூரியில் ஒரு மாணவிக்கு ஒன்றோ இரண்டோ நோயாளிகளைக் கொடுத்து, ஒவ்வொரு படியையும் நிதானமாகச் செய்யச் சொல்வார்கள். வேலையில் சேர்ந்ததும் ஒரு வார்டே கைக்கு வருகிறது. அங்கே பல புதியவர்கள் கேட்கும் முதல் அறிவுரை, “காலேஜ்ல சொன்னதெல்லாம் இங்க நடக்காதும்மா” என்பது.

பாதுகாப்புக் கலாசாரம் என்று நிபுணர்கள் சொல்வது இந்த இடத்தில்தான் உருவாகிறது, அல்லது உடைகிறது. கை சுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். பிரசவ வார்டில் நுழையும் டாக்டர்கள் குளோரின் கரைசலில் கை கழுவினால் தாய்மார்களின் மரணம் சரிகிறது என்று வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் காட்டியது 1847ல். நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செய்முறைக்கு முன், ரத்தமோ உடல் திரவமோ பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் சுற்றுப்புறத்தைத் தொட்ட பின் என்று ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஆல்கஹால் கரைசலைத் தேய்க்க 20 முதல் 30 விநாடிகள் போதும். புதிய நர்ஸுக்கு இது மனப்பாடம். ஆனால், மூத்தவர்கள் ஒரு பெட்டிலிருந்து அடுத்த பெட்டுக்கு அப்படியே போவதைப் பார்க்கும்போது அவருடைய கையும் கரைசல் பாட்டிலைத் தேடுவதைக் குறைத்துக்கொள்கிறது. கற்றதை மறந்ததால் இது நடப்பதில்லை. வார்டைப் பார்த்துப் புதிதாகக் கற்றுக்கொண்டதால் நடக்கிறது. நல்ல மூத்தவர் அமைந்தால் இதே வழியில் நல்ல பழக்கமும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

“நீங்கதானே லட்சுமி?”

நோயாளி பாதுகாப்பின் முதல் படி, இவர்தான் அவர் என்று உறுதிசெய்வது. கேட்க எளிது. நம் வார்டுகளில் அப்படியில்லை. ஒரே பெண்கள் வார்டில் இரண்டு லட்சுமி, மூன்று செல்வி இருப்பது சகஜம். குடும்பப் பெயர் இல்லாத நம் வழக்கத்தில் அவர்களைப் பிரித்துக் காட்டுவது ஓர் இனிஷியல் மட்டுமே. வீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்பதும் உண்டு. “பெட் நம்பர் ஏழுக்கு இன்ஜெக்‌ஷன்” என்று பேசும் பழக்கத்தில் இன்னொரு ஆபத்து. மத்தியானம் ஏழில் இருந்தவரை மாலையில் பத்துக்கு மாற்றியிருப்பார்கள். கூட்டம் அதிகமான அரசு மருத்துவமனைகளில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கு நம்பரே இருக்காது.

“நீங்கதானே லட்சுமி?” என்று கேட்டால், காது மந்தமான பாட்டியும் அரை மயக்கத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி, “அம்மா, உங்க பேரு, அப்பா இல்ல வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க” என்பது. அவர் சொல்லும் பதிலைக் கைப்பட்டையிலும் கேஸ் ஷீட்டிலும் உள்ள உள்நோயாளி எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஊசி, மாத்திரை, ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது, ஸ்கேனுக்கு அனுப்புவது என ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

ரத்தம் ஏற்றும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பையில் உள்ள பெயர், எண், ரத்த வகை, காலாவதி தேதி ஆகியவற்றை நோயாளியின் பக்கத்தில் நின்றே இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். முதல் 15 நிமிடங்கள் நோயாளியை விட்டு நகரக் கூடாது. வகை மாறிய ரத்தம் உடலில் ஏறினால் குளிர், நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல் போன்ற அறிகுறிகள் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் தலைகாட்டும்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

மருந்துத் தவறுகளில் பலவும் அறியாமையால் நேர்வதில்லை; ஒன்று இன்னொன்றைப் போலவே இருப்பதால் நேர்பவை.

இன்சுலினைப் பாருங்கள். இந்தியாவில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கு உரியது ஆரஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால், உடலில் போவது 20 யூனிட் இல்லை, 50 யூனிட். இரண்டரை மடங்கு. சர்க்கரை சரிந்து நோயாளி நினைவிழக்க அது போதும்.

அடுத்தது பொட்டாசியம் குளோரைடு. தண்ணீர்போலத் தெளிவான திரவம்; ஊசி மருந்தைக் கரைக்கும் சுத்திகரிக்கப்பட்ட நீரின் ஆம்பியூல் பக்கத்தில் வைத்தால் அவசரத்தில் கை மாறும். கலக்காமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் இதை மற்ற மருந்துகளோடு அடுக்கி வைக்கக் கூடாது, தனியாக, எச்சரிக்கை லேபிளோடு வைக்க வேண்டும் என்கிறார்கள். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் போன்ற அதிக ஆபத்துள்ள மருந்துகளை இரண்டாவது நர்ஸ் ஒருவர் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். “சரியா இருக்கா பாருங்க” என்று சிரிஞ்சை நீட்டி ஒரு தலையசைப்பை வாங்குவது சரிபார்ப்பு ஆகாது.

எழுத்திலும் கவனம் வேண்டும். ‘.5’ என்று எழுதினால் புள்ளி தேய்ந்து 5 ஆகும், ‘0.5’ என்று எழுத வேண்டும். ‘5.0’ என்பது 50 ஆகிவிடும். வெறும் ‘5’ போதும். போனில் வரும் உத்தரவை எழுதிக்கொண்டு, திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். “ஒன்று, ஐந்து, பதினைந்து மில்லிகிராம். சரிதானே டாக்டர்?” இதைக் கேட்டு எரிச்சலடையும் டாக்டர், தன் நோயாளியின் ஆபத்தை அதிகமாக்குகிறார்.

இன்னொரு எதிரி, குறுக்கீடு. சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 98 நர்ஸுகள் மருந்து கொடுப்பதை நேரில் கவனித்த ஆய்வு ஒன்று 2010ல் வெளியானது. இடையில் நேரும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் சிகிச்சைத் தவறுகள் சுமார் 12 சதவிகிதம் கூடின. மருந்து எடுக்கும் நேரத்தில் “சிஸ்டர், டிரிப் முடிஞ்சிருச்சு”, “சிஸ்டர், டிஸ்சார்ஜ் எப்போ?”, “சிஸ்டர், போன்” என்று அழைக்கப்படும் நம்மூர் நர்ஸை நினைத்துப் பாருங்கள். அனுபவசாலி விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம். புதியவருக்கு எந்த இடத்தில் விட்டோம் என்பதே மறந்துபோகும்.

உடல் தரும் எச்சரிக்கை

2022 நவம்பரில் சென்னையில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அரசு மருத்துவமனையில் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 17 வயதுக் கால்பந்து வீராங்கனைக்குக் காலில் போட்ட இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டது. கால் அகற்றப்பட்டது. பிறகு உயிரும் போனது. மருத்துவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்த மரணம் ஒவ்வொரு அறுவை சிகிச்சை வார்டுக்கும் விட்டுச்சென்ற பாடம் ஒன்று உண்டு. கட்டுப் போட்ட காலின் விரல் நுனி வெளுத்திருக்கிறதா, நீலமாகிறதா? சூடாக இருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா? நாடித் துடிப்பு கிடைக்கிறதா? தொட்டால் தெரிகிறதா? விரலை அசைக்க முடிகிறதா? வலி மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறதா? இவற்றைக் குறித்த இடைவெளியில் பார்த்து எழுதுவதும், ஒன்று மாறினாலும் உடனே குரல் கொடுப்பதும் செவிலியர் பணி. “ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்” என்ற சமாதானம் ஆபத்தானது.

பல வார்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பப்படும் இன்னொரு கட்டம், மூச்சு எண்ணிக்கை. பி.பி.க்குக் கருவி உண்டு, காய்ச்சலுக்கும் உண்டு. மூச்சை ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். நேரமில்லாததால் எல்லோருக்கும் ‘20’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால், உடல்நிலை மோசமாகப் போகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் ஒன்று மூச்சின் வேகம். 2012ல் லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் வெளியிட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு, ஆக்சிஜன் அளவு, பி.பி., நாடி, நினைவு நிலை, உடல் வெப்பம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் டாக்டரை அழைத்தே ஆக வேண்டும். புதிய நர்ஸுக்கு இது பெரிய துணை. “எனக்கென்னமோ சரியில்லன்னு தோணுது சார்” என்று தயங்க வேண்டியதில்லை; மதிப்பெண்ணைச் சொல்லி அழைக்கலாம்.

அழைத்துப் பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் உருவாகி மருத்துவமனைகளுக்கு வந்தது. நிலைமை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடம் கேட்பது என்ன என்று நான்கே படிகள். “டாக்டர், நான் ஆண்கள் வார்டு நர்ஸ். குடல் ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாளில் இருப்பவருக்கு மூச்சு 30, பி.பி. 90க்கு 60. காலையில் பி.பி. 120 இருந்தது. கிருமித் தொற்று ரத்தத்தில் பரவுகிறதோ என்று பயப்படுகிறேன். உடனே வந்து பாருங்கள்.” அரை நிமிடப் பேச்சு. டூட்டி மாறும்போது ‘ஓவர்’ கொடுக்கவும் இதே ஒழுங்கு உதவும். அதை நர்ஸ் மேசையில் முடித்துவிடாமல் ஒவ்வொரு பெட்டின் அருகில் நின்று சொன்னால் டிரிப், டியூப், காயம் எல்லாம் இரண்டு பேர் கண்ணிலும் படும்.

மெமோ என்னும் பூட்டு

2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்த ஒரு சம்பவம் உலகெங்கும் செவிலியரை உலுக்கியது. ஸ்கேனுக்குப் போன 75 வயது மூதாட்டிக்குப் பதற்றம் தணிக்க ‘வெர்செட்’ என்ற மருந்தைக் கொடுக்க வேண்டும். அதை எடுக்க மருந்து இயந்திரத்தில் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டிய நர்ஸுக்கு, அதே எழுத்துகளில் தொடங்கும் ‘வெகுரோனியம்’ வந்தது. அது தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. எச்சரிக்கைகளைக் கவனிக்காமல் அவர் அதைச் செலுத்தினார். நோயாளி இறந்தார். அன்று அவர் ஒரு புதிய நர்ஸுக்குப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார். தவறு தெரிந்ததும் தானே ஒப்புக்கொண்டார். மருத்துவமனை நிர்வாகமோ அந்த மரணத்தின் காரணத்தை மாநில அதிகாரிகளுக்கு உரிய முறையில் தெரிவிக்கவில்லை. நர்ஸின் உரிமம் பறிக்கப்பட்டது. 2022ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனை.

அவருடைய கவனக்குறைவு சிறியதல்ல. ஆனாலும் அந்தத் தீர்ப்பைப் பார்த்த செவிலியர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: உண்மையைச் சொன்னவருக்கு இதுதான் என்றால், இனி யார் சொல்வார்கள்?

நம் ஊரிலும் இதே கேள்வி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டுகள் வரை சிறை. சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் நேர்ந்தால் 2 ஆண்டுகள் வரை. அந்தச் சலுகையின் வரையறையில் மருத்துவர்கள் மட்டுமே வருகிறார்கள், நர்ஸுகள் இல்லை.

அன்றாட வார்டிலோ சட்டத்துக்கு முன்னால் மெமோ வந்துவிடும். மருந்து மாறியது, நோயாளி பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று உண்மையை எழுதினால், “விளக்கம் கொடு” என்று ஒரு காகிதம் வரும். எழுதாவிட்டால் ஒன்றும் வராது. இதைப் பார்க்கும் புதியவர் என்ன கற்றுக்கொள்வார்? தன் விரலில் குத்திய ஊசியைக்கூட மறைக்கக் கற்றுக்கொள்கிறார். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்று தெரிந்தும், திட்டுக்குப் பயந்து விரலைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1990களில் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த எமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினார். கிடைத்த விவரமோ தலைகீழாக இருந்தது. நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். காரணம், அங்கே தவறுகளைப் பயமில்லாமல் பேசினார்கள். பேசியதால் திருத்தவும் முடிந்தது. ‘எங்கள் மருத்துவமனையில் தவறே நடப்பதில்லை’ என்று பெருமைப்படும் நிர்வாகம், தன் ஊழியர்கள் வாயடைத்துப்போய் இருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் மன்னித்துவிடச் சொல்லவில்லை. கை தவறியவருக்கு ஆறுதலும் அமைப்பில் திருத்தமும். ஆபத்தான குறுக்குவழிக்குப் பழகியவருக்குப் பயிற்சி. தெரிந்தே நோயாளியின் உயிரோடு விளையாடியவருக்குத் தண்டனை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதே நேர்மையான முறை. நம்மிடம் இப்போது மூன்றுக்கும் ஒரே மருந்து, மெமோ.

ஒருவர் தலையில் எத்தனை பேர்?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கன், 2002ல் ஓர் உண்மையை வெளியிட்டார். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுகிறது. 2014ல் ஐரோப்பாவில் நடந்த ஆய்விலும் அதே 7 சதவிகிதம் வந்தது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 படுக்கைக்கு ஒருவர் இருக்க வேண்டும். நைட் டூட்டியில் உறவினரைப் பார்த்துக்கொள்ள மருத்துவமனையில் தங்கிய எவருக்கும் நிஜம் என்ன என்று தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராது என்பதை நர்ஸ் மறப்பதில்லை. திருப்ப ஆள் இல்லை.

வேலையின் நிச்சயமின்மையும் வாயைக் கட்டுகிறது. தமிழ்நாட்டில் 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு வழியாக ஆயிரக்கணக்கான நர்ஸுகள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். தனியார் துறையில், 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு 2016ல் பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே நிற்கும் இடங்கள் பல. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், “இந்த டோஸ் அதிகமாத் தெரியுது டாக்டர்” என்று சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும்!

நீங்கள் செய்யக்கூடியவை

நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும்:

• பெயரை நர்ஸ் பத்து முறை கேட்டாலும் அலுக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

• ஒவ்வாமை உள்ள மருந்து, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை, சித்த மருந்து எல்லாவற்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

• நர்ஸ் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கூப்பிடாதீர்கள். அவசரமென்றால் மட்டும் குறுக்கிடுங்கள்.

• டிரிப்பின் வேகத்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

• நேற்றைவிட இன்று வித்தியாசமாகத் தெரிகிறது என்றால் உடனே சொல்லுங்கள். அவரை நன்றாக அறிந்தவர் நீங்கள்தான்.

மருத்துவமனைகள் தர வேண்டிய வாக்கு

புதிய நர்ஸைப் பாதுகாப்பான நர்ஸாக்கும் வழிகள் யாரும் அறியாதவை அல்ல. முதல் மாதங்களில் தனியாக வார்டை ஒப்படைக்காமல், கற்றுக்கொடுப்பதற்கென்றே நேரம் ஒதுக்கப்பட்ட ஒரு மூத்தவரை அவருடன் போட வேண்டும். நைட் டூட்டியில் புதியவர்கள் மட்டுமே இருக்கும்படி பட்டியல் போடக் கூடாது. தவறையும், நூலிழையில் தப்பிய தவறையும் பெயர் போடாமல் எழுதித்தர ஒரு வழி வேண்டும். எழுதியதால் என்ன மாறியது என்பதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஆபத்தான மருந்துகளின் பட்டியலும் கலக்கும் அளவும் மருந்து எடுக்கும் இடத்துச் சுவரில் இருக்க வேண்டும். கேள்வி கேட்ட நர்ஸை நோயாளி முன்னால் அவமானப்படுத்தும் டாக்டரையும் சீனியரையும் நிர்வாகம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஆள் பற்றாக்குறைக்கு மட்டும் பணம் வேண்டும், அதை ஒதுக்கியே தீர வேண்டும்.

வேலைக்குச் சேரும் நாளில் ஒவ்வொரு நர்சிங் கண்காணிப்பாளரும் புதியவர்களிடம் ஒரு வாக்குக் கொடுக்கட்டும்: “சந்தேகம் வந்தால் கையை நிறுத்துங்கள். கேளுங்கள். எந்த நேரமானாலும் டாக்டரை அழையுங்கள். அதற்காக யாராவது உங்களைத் திட்டினால் என்னிடம் வாருங்கள்.” சொல்வது சுலபம். முதல் தவறு நடக்கும் நாளில் அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் கடினம். அன்று காப்பாற்றுகிற மருத்துவமனையில் நர்ஸுகள் பேசுவார்கள். நர்ஸுகள் பேசும் மருத்துவமனையை நம்பித்தான் நம் வீட்டு மனிதர்களை நாம் விட்டுவிட்டு வர முடியும்.